இரைச்சலும் எல்லையும்
குழாய் ஒலியியலின் கணிதம்: கணியம்பாடியிலிருந்து ஒரு மதிப்பீடு

கணியம்பாடியில் முகூர்த்த நேரத்தில் மின்சாரம் போனால், மண்டபத்தின் பின்புறம் டீசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் இது ஒரு மண்டபத்துக்கு மட்டும் உரிய காட்சி இல்லை. மருத்துவமனை, ஐஸ் கம்பெனி, அரிசி ஆலை என்று எங்கும் ஒரு பெட்டியும் அதிலிருந்து மேலே நீளும் ஒரு புகைக்குழாயும் நிற்கின்றன. இந்தப் பெட்டிக்கும் குழாய்க்கும் சட்டம் உண்டு. 2005 ஜனவரி 1 முதல் தயாரான, 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள், உறையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 75 டெசிபெலைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் வராத ஜெனரேட்டர்களின் புகைக்குழாய் சைலன்சர் குறைந்தது 25 டெசிபெல் இரைச்சலைக் குறைக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபெல் என்று வகுத்தவை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்.

இந்த 25 டெசிபெலை ஒரு தகர உருளை எப்படிச் சாதிக்கிறது, எப்போது சாதிக்கத் தவறுகிறது என்பது நூற்றைம்பது ஆண்டுகளாகக் கணிதர்களும் பொறியாளர்களும் சேர்ந்து துருவிவரும் கேள்வி. ராலே பிரபு 1877-78-இல் ஒலிக் கோட்பாட்டு நூலை வெளியிட்டபோதே குழாய்க்குள் ஒலி எந்தச் சமன்பாட்டின்படி நகர்கிறது என்பது தெரிந்துவிட்டது. நிற்கும் காற்றில், சிறிய அலைகளுக்கு, அந்தச் சமன்பாடு இன்றும் மாறவில்லை. அதற்குப் பிறகு வந்த உழைப்பில் பெரும்பகுதி, குழாயின் எல்லைகளில் என்ன நடக்கிறது என்று சொல்வதில்தான் போயிருக்கிறது: சுவரில், வாயில், ஒலி பிறக்கும் இடத்தில். இத்துறையின் வெற்றி தோல்வி இரண்டும் எல்லை நிபந்தனையில் இருக்கின்றன என்பது என் துணிபு. அந்த மூன்று எல்லைகளிலும் நாம் சம அளவில் முன்னேறவில்லை.

முதலில் எளிய சைலன்சர் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு டீசல் என்ஜின், நிமிடத்துக்கு 1500 சுற்று. நொடிக்கு 25 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சிலிண்டர்கள் எரிகின்றன. ஆகவே புகைக்குழாயில் ஓங்கி ஒலிப்பது 50 ஹெர்ட்ஸ். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் திடீரென 40 சென்டிமீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள உருளையாக விரிந்து, மறுபடி 10 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது என்று கொள்வோம். குறுக்குப் பரப்பு 16 மடங்கு பெருகுகிறது. விரியும் இடத்தில் அலையின் ஒரு பகுதி என்ஜினை நோக்கியே திரும்புகிறது. சுருங்கும் இடத்தில் இன்னொரு பகுதி திரும்புகிறது. இந்த உருளையில் இரைச்சலை உறிஞ்சும் பொருள் எதுவுமே இல்லை. வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை.

உருளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும்போது இழப்பு உச்சம் தொடும். 16 மடங்கு விரிவுக்கு அது சுமார் 18 டெசிபெல். நீளம் அரை அலைநீளமானால் இழப்பு பூஜ்யம். அந்த அதிர்வெண்ணில் உருளை இருப்பதும் இல்லாததும் ஒன்று. 30 பாகை காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். அதை வைத்துக் கணக்கிட்டால் நம் 50 ஹெர்ட்ஸுக்கு 12.5 டெசிபெல் குறைகிறது. 291 ஹெர்ட்ஸ் தடையில்லாமல் கடக்கிறது. ஆனால் புகை 30 பாகையில் வருவதில்லை. 400 பாகையில் வேகம் நொடிக்கு 520 மீட்டர். இப்போது 50 ஹெர்ட்ஸில் கிடைக்கும் இழப்பு 9.5 டெசிபெல் மட்டுமே. தப்பிப் போகும் அதிர்வெண் 433-க்கு நகர்ந்துவிட்டது. மூன்று டெசிபெல் வித்தியாசம் என்றால் இரண்டு மடங்கு ஆற்றல் வெளியேறுகிறது என்று பொருள். வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாமல், வெப்பநிலையை மறந்ததாலேயே நேர்ந்த நட்டம் இது. சைலன்சர் பற்றிய பேச்சில் தகட்டின் தடிமனுக்குக் கிடைக்கும் கவனம் புகையின் வெப்பத்துக்கும் கிடைக்க வேண்டும்.

வெப்பம் குழாய் நெடுகிலும் ஒரே அளவாக இருப்பதுமில்லை. வாயை நெருங்க நெருங்கக் குறைகிறது. அப்போது சமன்பாட்டின் கெழுக்களே இடத்துக்கு இடம் மாறும். இந்தப் பகுதியில் நம் நாட்டுப் பங்களிப்பு கனமானது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம். எல். முஞ்சால், பிரசாத்துடன் சேர்ந்து, 1986-இல் வெப்பச் சரிவும் வாயு ஓட்டமும் சேர்ந்த குழாய்க்கு ஒரு தீர்வு தந்தார். பின்னாளில் சென்னை ஐஐடியில் பேராசிரியரான ஆர். ஐ. சுஜித், 1995-இல் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து, ஓட்டமில்லாத குழாயில் சில வகை வெப்பச் சரிவுகளுக்குத் துல்லியமான தீர்வுகளைக் கண்டார். சுஜித்தின் குழு அதன்பின் இரைச்சலை அடக்குவதைவிட அது எப்படிப் பிறக்கிறது என்ற திசையில் போய், எரிகலனின் சீரற்ற ஒலி இடைவிட்டு இடைவிட்டுப் பொங்கி இறுதியில் ஆபத்தான ஒத்ததிர்வாக மாறும் பாதையை 2014-இல் விவரித்தது. ராக்கெட், விமான என்ஜின் வடிவமைப்பாளர்கள் அஞ்சும் நிகழ்வு அது.

முஞ்சாலின் பெயரை இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். குழாய்களும் மஃப்ளர்களும் குறித்த அவருடைய நூல் 1987-இல் வந்தது. 2014-இல் விரிவான இரண்டாம் பதிப்பு. உலகெங்கும் சைலன்சர் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் எடுக்கும் புத்தகங்களில் அது ஒன்று. அதன் நடுவில் இருப்பது கடத்து அணி முறை. குழாயின் ஒவ்வொரு துண்டையும் இரண்டுக்கு இரண்டு அணியாக எழுதுகிறோம். ஒரு முனையின் அழுத்தமும் ஓட்டமும் தெரிந்தால் மறுமுனையுடையது கிடைக்கும். எத்தனை உருளை, எத்தனை கிளைக்குழாய், எத்தனை துளைத்தகடு இருந்தாலும் அணிகளைப் பெருக்கிக்கொண்டே போகலாம். உருளையின் அந்தப் பூஜ்ய அதிர்வெண்களை அடைக்கும் வழியும் இதிலிருந்தே தெளிவாகிறது. நுழைவுக் குழாயை உருளைக்குள் பாதி நீளத்துக்கும், வெளியேறும் குழாயைக் கால் நீளத்துக்கும் நீட்டினால், நான்கில் மூன்று ஓட்டைகள் மூடிவிடும். கூடுதல் செலவு அரை மீட்டருக்கும் குறைவான குழாய். ஆனால் நீட்டிய முனையில் ஒலி வடிவியல் முனையோடு நின்றுவிடாது, சற்று வெளியே வழியும். அந்தச் சிறு திருத்தத்தைச் சேர்க்காவிட்டால் மூட வேண்டிய ஓட்டை மூடாமல் பக்கத்தில் ஓர் உச்சம் முளைக்கும். பெங்களூரில் அந்தத் திருத்தத்தைத் தகட்டின் தடிமன்வரை கணக்கில் எடுத்துச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் குழாயின் குறுக்கே அழுத்தம் எங்கும் ஒன்றாக இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. அரிசி ஆலைக்குப் போனால் அது ஆட்டம் காணும். கண்ணமங்கலத்தைத் தாண்டி ஆரணிப் பக்கம் போனால் நவீன அரிசி ஆலைகள் நெருக்கமாக வரும். உமியும் தவிடும் காற்றில் பறந்து செல்லும் தகட்டுக் குழாய்கள் கூரைக்கு மேல் தெரியும். நிமிடத்துக்கு 1440 சுற்றில் ஓடும், 8 இறகுள்ள புளோயர் 192 ஹெர்ட்ஸில் பாடும்; அதன் இரட்டிப்பு 384. குழாய் 60 சென்டிமீட்டர் சதுரமானால், 291 ஹெர்ட்ஸுக்குக் கீழே சமதள அலை மட்டுமே அதில் செல்ல முடியும். 192 அதற்குள் அடங்குகிறது. 384-க்கு அப்படியில்லை: அது குறுக்கும் மறுக்குமாக மோதிக்கொண்டே செல்லும் இரண்டாம் அலைப்பாங்கையும் எழுப்பும். ரேடார் காலத்து மின்காந்த அலைநடத்திகளுக்கும் இதே கணிதம்தான். ஒவ்வோர் அலைப்பாங்குக்கும் ஒரு வெட்டு அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழே அது சிறு தூரத்திலேயே தேய்ந்து மறையும், மேலே போனால் தேயாமல் போகும். இரண்டுக்கு இரண்டு அணி போதாமல் போகும் இடம் இது. குழாய் மாறும் ஒவ்வோர் இடத்திலும் இருபுறத்து அலைப்பாங்குகளின் தொடரையும் பொருத்தித் தீர்க்க வேண்டும்.

அரிசி ஆலையில் இன்னொரு தொல்லை. கிளாஸ் வுல் பொதித்த சைலன்சரைப் போட்டால் சில மாதங்களில் தூசி அடைத்துவிடும். அங்கே உறிஞ்சும் சுவரைவிடப் பக்கக் கிளைகளும் அறைகளும் கொண்ட, திருப்பி அனுப்பும் வகையே நிலைக்கும். ஏசி குழாய்களில் நிலைமை தலைகீழ்: காற்று சுத்தம், அதிர்வெண்கள் பரந்தவை, பொதிந்த சுவரே சரி.

பொதிந்த சுவர் என்றதும் கணிதம் கடினமாகிறது. கெட்டியான சுவரில் காற்றுத்துகள் சுவரை ஊடுருவாது என்பது ஒற்றை வரி நிபந்தனை. நுண்துளைச் சுவரில் அழுத்தத்துக்கும் சுவருக்குள் புகும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் சுவரின் ஒலிமறிப்பு. அது ஒரு கலப்பெண். அலைப்பாங்குகளின் அலையெண்களும் கலப்பெண்களாகின்றன, அவற்றைக் கலப்புத்தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். 1953-இல் க்ரெமர் கேட்ட கேள்வி அழகானது: மிக மெதுவாகத் தேயும் அலைப்பாங்கையும் எவ்வளவு வேகமாகத் தேய வைக்க முடியும்? முதல் இரண்டு அலைப்பாங்குகளின் மூலங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே இரட்டை மூலமாகும் மறிப்பில்தான் அதிகபட்சத் தேய்வு கிடைக்கும் என்று அவர் கண்டார். டெஸ்டர் 1973-இல் அதை வாயு ஓட்டமுள்ள குழாய்களுக்கும் நீட்டினார். இப்படி மூலங்கள் ஒன்றுசேரும் இடங்களே இன்று இயற்பியலில் பரபரப்பாகப் பேசப்படும் 'விதிவிலக்குப் புள்ளிகள்'; குழாய் ஒலியியலில் அவை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறைச் சூத்திரமாக இருந்தவை.

ஓட்டம் சேர்ந்ததும் இந்தச் சுவரே நம்மை ஏமாற்றத் தொடங்குகிறது. இங்கார்டு 1959-இலும் மையர்ஸ் 1980-இலும் தந்த நிபந்தனை பல பத்தாண்டுகள் விமான என்ஜின் கணக்குகளில் ஓடியது. சுவரை ஒட்டிய மெல்லிய ஓட்ட அடுக்கைத் தடிமனே இல்லாததாகக் கொள்வது அது. அப்படிக் கொண்டால் நேரத்தில் முன்னேறும் கணக்கு கணித ரீதியாகவே ஒழுங்கு கெட்டுவிடுகிறது என்று பிராம்ப்லி 2009-இல் காட்டினார். கட்டங்களை நுணுக்க நுணுக்க, விடை மேம்படுவதற்குப் பதில் இன்னும் வேகமாக வெடித்துச் சிதறும். மெல்லிய அடுக்குக்கு ஒரு தடிமன் கொடுத்தால் நோய் தீர்கிறது. கணினியில் வெடித்த கணக்கைப் பார்த்து மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் எழுதிய நிபந்தனையைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சுவரின் தகடே அதிர்வதும் உண்டு. மெல்லிய ஜிஐ தகட்டால் செய்த செவ்வகக் குழாயின் பக்கங்கள் தாழ்ந்த அதிர்வெண்ணில் எளிதாக நடுங்கும். இரைச்சல் சைலன்சரை அடையும் முன்பே சுவர் வழியே அறைக்குள் இறங்கிவிடும். வட்டக் குழாய் இதில் பல மடங்கு உறுதியானது. அதிரும் சுவருள்ள குழாயில் அலைப்பாங்குகள் வழக்கமான பொருளில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதில்லை. 1999-இல் லாரியும் ஆபிரகாம்ஸும் புதிய செங்குத்துத் தொடர்பைக் கொடுத்த பிறகே இந்தக் கணக்குகள் கைக்கு அடங்கின.

இனி குழாயின் வாய். இதில் கணியம்பாடிக்கு ஒரு விசேஷமான அண்டை வீடு உண்டு. ஊருக்குப் பின்னால் எழும் ஜவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய அந்த ஆய்வகத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அது வானியலாளர் வைணு பாப்பு பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே பிடிக்கும் விண்மீன் ஒளி, விண்மீனின் மேற்பரப்பைக் கடந்து வெளியே வந்த ஒளி. அந்தக் கடைசி அடுக்குக்குள் ஒளி பலமுறை சிதறி, ஓர் எல்லையைத் தாண்டி வெறுவெளிக்குள் வருகிறது. ஒருபக்கம் எல்லையில்லாமல் விரியும் பொருள், மறுபக்கம் ஒன்றுமில்லை. மில்ன் எழுதிய இந்தத் தொகையீட்டுச் சமன்பாட்டை 1931-இல் நார்பர்ட் வீனரும் எபர்ஹார்ட் ஹோப்பும் ஒரு புதிய உத்தியால் தீர்த்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், கதிர்வீச்சுப் பரிமாற்றம் பற்றிய 1950-ஆம் ஆண்டு நூலில் தம் எச்-சார்புகளைக் கொண்டு இத்தகைய கணக்குகளை விரிவாகக் கையாண்டார். வீனர்–ஹோப் உத்தியில் வரும் காரணிகளின் உறவினரே அந்தச் சார்புகள்.

குழாயின் வாயும் அதே வகை எல்லை. விளிம்புக்கு இடப்புறம் சுவர் முடிவில்லாமல் நீள்கிறது. அங்கே ஒரு நிபந்தனை. வலப்புறம் சுவரே இல்லை. அங்கே வேறொரு நிபந்தனை. ஃபூரியே மாற்றத்தில் இரண்டு அறியாச் சார்புகளும் ஒரே சமன்பாடும் மிஞ்சும். கலப்புத்தளத்தின் மேல் அரையில் ஒன்று ஒழுங்காக இருக்கும், கீழ் அரையில் மற்றொன்று. நடுவில் உள்ள தெரிந்த சார்பை இரு அரைகளுக்கும் உரிய காரணிகளாகப் பிரித்துவிட்டால், ஒரே சமன்பாட்டிலிருந்து இரண்டு சார்புகளும் கிடைத்துவிடும். போர்க்காலத்தில் ரேடார் அலைநடத்திகளில் உழைத்த ஜூலியன் ஷ்விங்கர், லெவினுடன் சேர்ந்து 1948-இல் இதைத் திறந்த வட்டக்குழாய்க்குச் செய்தார். தாழ்ந்த அதிர்வெண்களில் குழாய் தன் நீளத்தைவிட ஆரத்தில் 0.6133 பங்கு கூடுதலாக இருப்பதுபோல் நடந்துகொள்ளும் என்பது அவர்களின் விடை. அதற்கு முன் 0.6 என்று சோதனையில் தோராயமாகத் தெரிந்திருந்த எண் அது. மேலே சொன்ன நீட்டிய குழாயின் முனைத் திருத்தம் இந்த எண்ணின் நேரடி வாரிசு. ராலின்ஸ் 1978-இல் உட்புறம் உறிஞ்சும் சுவருள்ள குழாய்க்கு இதே உத்தியை எடுத்துச் சென்றார்.

வாய் என்ற எல்லை இன்று பெரும்பாலும் வென்ற நிலம். நம் பல்கலைக்கழகக் கணிதத் துறைகளுக்கும் இந்த உத்தி புதிதல்ல. நீரலைகள் தடுப்புகளில் சிதறும் கணக்குகளில் மண்டலும் சக்ரவர்த்தியும் வளர்த்த மரபு இந்தியாவில் வலுவானது. ஆனால் குழாய் விஷயத்தில் ஒரு பழக்கம் எனக்கு உறுத்துகிறது. குழாயை இரண்டாகப் பிரி, மூன்றாகப் பிரி, உட்சுவரின் மறிப்பை மாற்று, மறுபடி காரணிப்படுத்து என்று கட்டுரைகள் பெருகுகின்றன. மறிப்புக்கு ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்து வரைபடம் வரைந்து முடித்துவிடுகிறோம். அந்த எண் எந்தப் பொருளுடையது, எந்த வெப்பத்தில், எந்த ஓட்டத்தில் என்ற கேள்வி எழுவதில்லை. காரணிப்படுத்தும் திறமை வீணாகிறது என்பதுதான் என் வருத்தம்.

மிகக் குறைவாக வென்ற எல்லை மூன்றாவது: இரைச்சல் பிறக்கும் இடம். சட்டம் கேட்கும் 25 டெசிபெல், சைலன்சர் போடும் முன்பும் பின்பும் வெளியே அளந்த வித்தியாசம். நாம் மேலே கணக்கிட்ட 9.5 டெசிபெல், இரு முனையிலும் எதிரொலியே இல்லாத கற்பனைக் குழாயில் சைலன்சரின் தனித்த திறன். இரண்டும் ஒன்றல்ல. முன்பு–பின்பு வித்தியாசம் என்ஜின் எவ்வளவு வலுவாக அலையைத் திருப்பி உதைக்கிறது என்பதையும், கடைசிக் குழாயின் நீளத்தையும் பொறுத்தது. கடைசிக் குழாய் தவறான நீளத்தில் ஒத்ததிர்ந்தால், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சைலன்சர் போட்ட பிறகு இரைச்சல் கூடுவதும் உண்டு.

இதைக் கணிக்க என்ஜினை ஒரு மின்கலத்தைப் போல இரண்டு எண்களால் குறிக்கிறார்கள்: மூல வலிமை, மூல மறிப்பு. குழாயின் நீளத்தை மாற்றி மாற்றி வெளியே அளந்து, இவற்றைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். விடைகளில் மூலத்தின் தடை சில நேரம் எதிர்க்குறியில் வருகிறது. வால்வு திறந்து மூடும்போது மூலமே நேரத்துக்கு நேரம் மாறுகிறது, அழுத்தம் பெரிதானதால் நேரியல் அனுமானமும் உடைகிறது என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். முஞ்சாலின் குழு டீசல் என்ஜின்களின் மூல வலிமைக்கு அனுபவச் சூத்திரங்களைத் தந்திருக்கிறது. பயனுள்ள வேலை, ஆனால் அனுபவச் சூத்திரம்தான். சுவருக்கும் வாய்க்கும் கிடைத்த கணித நேர்த்தி மூலத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

புதிய வழிகளையும் பார்த்துவிடுவோம். எதிர் அலையால் இரைச்சலைக் கொல்லும் எண்ணத்துக்குப் பால் லூக் 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன் முதல் படமே ஒரு குழாய்தான். தாழ்ந்த அதிர்வெண்ணில், சமதள அலை மட்டுமே செல்லும் குழாயில் அது நன்றாக வேலை செய்கிறது. 400 பாகைப் புகையில் ஒலிபெருக்கி தாங்காது. 2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் நடுவே பெரிதும் திறந்த ஒரு வளையத்தால் 94 விழுக்காடு ஒலியைத் தடுத்துக் காட்டினார்கள். காற்று போகும், ஒலி போகாது. குறுகிய அதிர்வெண் பட்டைக்கு மட்டும். இதற்கு ஆழமான காரணம் உண்டு. விளைவு காரணத்துக்கு முன் வர முடியாது என்ற ஒற்றை நியதியிலிருந்து, இவ்வளவு அகலமான பட்டையை உறிஞ்ச இவ்வளவு தடிமன் கட்டாயம் என்ற கீழ் எல்லை ஒன்று வருகிறது. ஹாங்காங்கில் பிங் ஷெங் குழு 2017-இல் அதை ஒலி உறிஞ்சிகளுக்கு எழுதிக் காட்டியது. 5 சென்டிமீட்டர் மெத்தையால் 50 ஹெர்ட்ஸை உறிஞ்சிவிடலாம் என்று விற்பவரிடம் இந்தக் கீழ் எல்லையைக் கேட்கலாம்.

அப்படியானால் வேலூர் வட்டாரத்துக் கல்லூரிகளில் இந்தத் துறையில் எதைச் செய்யலாம்? கணியம்பாடியிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது, வேலூரில் வி.ஐ.டி. இருக்கிறது. நான் தென்னை நாரிலிருந்து தொடங்குவேன். மலேசியாவில் அதை ஒலி உறிஞ்சியாகச் சோதித்து 2011-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நார் இழை கிளாஸ் வுல்லைவிடப் பல மடங்கு தடித்தது; அதனால் காற்றோட்டத் தடை குறைவு, அதே பயனுக்குக் கூடுதல் தடிமன் தேவை. டெலானியும் பேஸ்லியும் 1970-இல் நார்ப்பொருள்களுக்குத் தந்த சூத்திரத்தை இதற்கு அப்படியே போட்டால், அது செல்லுபடியாகும் வரம்பின் விளிம்பில் நிற்போம். ஆகவே அளந்தே ஆக வேண்டும்.

அளப்பதற்கு வேண்டிய கருவி எளியது. 10 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள கெட்டியான குழாய், ஒரு முனையில் ஒலிபெருக்கி, மறுமுனையில் நார் மாதிரியும் அதன் பின்னால் தடித்த இரும்பு மூடியும், நடுவில் சுவரோடு சமமாகப் பதித்த இரண்டு மைக்ரோஃபோன்கள். 1980-இல் சங்கும் பிளேசரும் எழுதிய இந்த முறை இப்போது சர்வதேசத் தரம். இந்த விட்டத்தில் 2000 ஹெர்ட்ஸ் வரை சமதள அலை மட்டுமே இருக்கும். அதுவரை அளக்க மைக்ரோஃபோன்களின் இடைவெளி 7.8 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 50 ஹெர்ட்ஸுக்கு அந்த இடைவெளி மிகக் குறுகியது, இரு அளவுகளின் வேறுபாடு பிழைக்குள் அமிழ்ந்துவிடும். அதற்கு அரை மீட்டர் இடைவெளியில் இன்னொரு துளை வேண்டும். கிடைக்கும் மறிப்பைக் கலப்பெண்ணாக, ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும், ஈரப்பதம் வெப்பநிலையோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த நாரையும் சித்திரையில் காய்ந்த நாரையும் தனித்தனியே அளக்க வேண்டும். அவற்றின் மறிப்பு ஒன்றாக இருக்கும் என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை.